ஹாரன் சாரின் மரியாதை வாரம்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஓட்டுநர் உரிமத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ஹாரன் சார். பத்தொன்பது வருடமாக அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிப் பள்ளியின் சின்ன வெள்ளைக் காரில் ஹாரன் வேலை செய்யாது. முதலாளியம்மா மூன்று முறை ஆள் அனுப்பிச் சரிசெய்தார். மூன்று முறையும் அது ஒரு வாரம் கத்திவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. "விடுங்கம்மா, அதான் நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டார் இவர். அன்று முதல் யார் குறுக்கே வந்தாலும் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, இவரே கத்துவார். அந்தத் தொண்டைக்கு லாரிகூட ஒதுங்கும்.

ஆள் என்னவோ ஒல்லி. வயது நாற்பத்தேழு. சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத, இன்னொன்று கியரைச் சுட்டிக்காட்ட. அவருடைய இருக்கைப் பக்கம் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்தே வலது கால் செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். இடது கால் செருப்புகள் வீட்டில் புத்தம் புதுசாக வரிசையில் கிடக்கும். அவர் மனைவி அவற்றை எறியவும் மனமில்லாமல் வைத்துக்கொள்ளவும் இடமில்லாமல் தவிப்பார்.

ஹாரன் சாரிடம் ஒரு பழக்கம் இருந்தது. திட்டுவார். கோபமாகத் திட்டுவார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அந்த மனிதருக்குக் கோபமே வராது. மூச்சு விடுவதுபோலத் திட்டுவார். "ஏ கழுதை, கண்ணாடியைப் பாரு!" "எருமை, எதுக்கு இப்போ அந்த ஸ்டியரிங்கை இந்தக் கட்டு கட்டிப்பிடிக்கிற?" என்று காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஏழு மணிவரை ஒரே பொழிவுதான். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன்னை முதல்முதலில் எருமை என்று அவர் திட்டிய அன்று, காரைவிட்டு இறங்கியதும் இறங்காததுமாகத் தன் அம்மாவுக்கு போன் போட்டு, "அம்மா, என்னை எருமைன்னுட்டார்!" என்று குதித்தாள். சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இப்படி ஒரு நல்ல செய்தியை அவர்கள் கேட்டதில்லை.

ஆறு மணி வகுப்பில் மூன்று பேர். ஒருவர் ஓட்ட, மற்ற இருவர் பின்சீட்டில் காத்திருப்பார்கள். வங்கிப்பெண், பேக்கரிக்காரர், அப்புறம் பெரிய டீச்சர். பேக்கரிக்காரர் கனத்த மனிதர், காலும் கனம்; அவர் மிதித்தால் ஒன்று கார் பறக்கும், இல்லையென்றால் நட்டுவைத்த மாதிரி நிற்கும். பெரிய டீச்சர் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபது வயது. கைக்கடிகாரத்தின் முகத்தை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். முதல் நாள் காரில் உட்கார்ந்ததும், "சாவி எங்கே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஹாரன் சார் தன்னை அறியாமல் எழுந்து நிற்கப் பார்த்து, மண்டையைக் கூரையில் டங்கென்று இடித்துக்கொண்டார்.

அன்று போன துணிச்சல் பிறகு வரவே இல்லை. மற்ற இருவரையும் கழுதை எருமை என்று வாய் ஓயாமல் அர்ச்சனை செய்பவர், டீச்சர் முறை வந்தால் அப்படியே அடங்கிவிடுவார். "டீச்சர், முடிஞ்சா கொஞ்சம் கிளட்சை விடறீங்களா? ஒண்ணும் அவசரமில்லை டீச்சர்." டீச்சர் வண்டியை ஒரு மரத்தை நோக்கிச் செலுத்தினால்கூட, "பரவாயில்லை டீச்சர், ரொம்ப நல்லாப் போறீங்க" என்பார், பிரேக்கை மிதித்துக்கொண்டே.

இப்படியே இருபத்திரண்டு நாள் ஓடியது. அந்தச் சனிக்கிழமைதான் முதலாளியம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

பள்ளியின் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏற முடிகிற படிக்கட்டு. சுவரெங்கும் சாலைக் குறியீடுகள். முதலாளியம்மா சுறுசுறுப்பானவர். மூன்று இடத்தில் பள்ளி நடத்துகிறவருக்கு எதையும் பாதிக்கு மேல் கேட்கவோ, படிக்கவோ, சாப்பிடவோ நேரம் இருந்ததில்லை. மேஜைமேல் ஒரு காகிதம் இருந்தது.

"புகார் வந்திருக்கு சார்" என்றார்.

"யாரும்மா?"

"அதைச் சொல்ல மாட்டேன். கேளுங்க." காகிதத்தை எடுத்து வாசித்தார். "பயிற்சி ஆசிரியர் இருபத்திரண்டு நாட்களில் பயன்படுத்திய சொற்களும் அவற்றின் அகராதிப் பொருளும். கழுதை: பொதி சுமக்கும் நான்கு கால் விலங்கு. நாற்பத்தொரு முறை. எருமை: கறுத்த, மந்தமான, நீரில் கிடக்கும் விலங்கு. பத்தொன்பது முறை. குரங்கு: மரத்தில் வாழும் விலங்கு. ஏழு முறை. அறிவுகெட்ட ஜென்மம்: அறிவை இழந்த பிறவி. ஒரு முறை."

ஒவ்வொன்றாக அவர் வாசிக்க வாசிக்க, ஹாரன் சாருக்கு முகம் சுண்டிப்போனது. வாயிலிருந்து வரும்போது அந்த வார்த்தைகளுக்கு இத்தனை கால்களும் கொம்புகளும் இருந்ததாக அவருக்கு ஞாபகமில்லை. நீரில் கிடக்கும் விலங்கு! அந்தப் பெண் வங்கிக்குப் போக இஸ்திரி போட்ட சட்டையில் அல்லவா வருகிறாள்!

"நான் அந்த அர்த்தத்துல சொல்லலைம்மா."

"வேற எந்த அர்த்தத்துல சொன்னீங்க?"

உண்மையில் அவர் எந்த அர்த்தத்திலும் சொன்னதில்லை.

"ஒரு வாரம் பார்ப்பேன்" என்றார் முதலாளியம்மா. "மரியாதையாப் பேசணும். நீங்க, வாங்க, தயவுசெய்து. ஒரே ஒரு கழுதை என் காதுல விழுந்தாலும் சரி, கார் சாவியை மேஜைல வெச்சுட்டு அந்த மூலைல உட்கார்ந்து ஃபாரம் நிரப்புங்க. ரிட்டையர் ஆகிறவரைக்கும்."

ஹாரன் சார் அந்த மூலையைப் பார்த்தார். ஒரு நாற்காலி, ஒரு ஸ்டேப்ளர், ஒரு சுவர். காலை ஆறு மணிக்கு அந்த இருக்கையில் உட்கார்ந்து ஒரு காலைப் பிரேக்கின்மேல் வைக்காவிட்டால், தான் ஒரு மனிதன் என்பதே அவருக்கு மறந்துபோகும். இது அவருக்கு நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமை மரியாதை வாரம் தொடங்கியது.

முதலில் பேக்கரிக்காரர். மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைத்து வளைத்து ஓட்ட வேண்டும். மூன்றாவது கூம்பை நெருங்கும்போது ஹாரன் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஐயா, தங்களுக்குச் சிரமம் இல்லையென்றால், சற்றே பிரேக்கை..." என்று ஆரம்பித்தார். வாக்கியம் முடிவதற்குள் நான்காவது, ஐந்தாவது கூம்புகளும் காருக்கு அடியில் போய்விட்டன. மரியாதையில் இது ஒரு சங்கடம், நீளம் அதிகம். கழுதை என்றால் மூன்றே எழுத்து, அதற்குள் கார் நின்றுவிடும்.

பேக்கரிக்காரர் காரை நிறுத்திவிட்டுத் திரும்பினார். முகம் வெளிறியிருந்தது. "சார், உடம்புக்கு ஏதாவதா? டாக்டர் ஏதாவது சொன்னாரா? எங்ககிட்ட மறைக்காதீங்க சார்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. நீங்க ஓட்டுங்க."

"நீங்களா?" என்றார் அவர், பேயறைந்தவர்போல.

வங்கிப்பெண் இரண்டு முறை 'அம்மணி' என்பதைக் கேட்டுத் தாங்கிக்கொண்டாள். மூன்றாவது முறை, "தங்கள் இடது பக்கக் கண்ணாடியைப் பார்க்கலாமே அம்மணி" என்றபோது காரை ஓரம்கட்டி, ஸ்டியரிங்மேல் தலையை வைத்து அழுதுவிட்டாள். "நான் என்ன சார் தப்பு பண்ணினேன்? போன வாரம்வரைக்கும் நல்லாத்தானே இருந்தீங்க!"

பின்சீட்டில் பெரிய டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏமாற்றம் மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. ஹாரன் சார் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் கூம்புகளுக்குக் கெட்ட காலம். மூன்றாவது கியரில் முழங்கையை ஜன்னல்மேல் வைத்துக்கொண்டு ஓட்டிய பேக்கரிக்காரர், திடீரென்று கிளட்ச் எது பிரேக் எது என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தார். இதில் இன்னொரு வம்பு. நாள் முழுக்க நாக்கைக் கடித்துக் கடித்துப் பேசியதில், நாக்கு வளைந்த இடத்திலேயே நின்றுவிட்டது. புதன்கிழமை மதியம் வீட்டுக்குள் நுழைந்தவர், இருபது வருடமாக "பிசாசே" என்று கூப்பிட்ட மனைவியைப் பார்த்து, "சாப்பாடு எடுத்து வைக்கறீங்களா?" என்றார்.

கரண்டி கீழே விழுந்தது.

மனைவி கிட்டே வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை. சட்டையை முகர்ந்து பார்த்தார். பெட்ரோல் வாசனைதான். "என்ன தப்பு பண்ணிட்டு வந்திருக்கீங்க? மறைக்காம சொல்லிடுங்க" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க."

அவ்வளவுதான். மனைவி நேராக உள்ளே போய்த் தன் அண்ணனுக்கு போன் செய்தார். "அண்ணா, நீ உடனே கிளம்பி வா. இவர் என்னை வாங்க போங்கன்னு பேசறார்... ஆமா, ரெண்டு தடவை... கை ஓங்கினாரான்னு கேக்கறியா? கை ஓங்கினா நானே பார்த்துக்குவேனே! இது அதைவிட மோசம்ணா, மரியாதை குடுக்கறார்!" ஹாரன் சார் தட்டை வைத்துக்கொண்டு தானே போட்டுச் சாப்பிட்டார். விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலைக்கு வந்திருக்கும் ஆபத்தும் சேர்ந்து வெளியே வரும். வெள்ளிக்கிழமைவரை பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை மற்ற இருவரும் வரவில்லை. ஒருவர் பயந்துவிட்டார், ஒருத்திக்குக் கோபம். பெரிய டீச்சர் மட்டும் சரியாக ஐந்து ஐம்பத்தெட்டுக்கு வந்து நின்றார்.

அன்றைக்குப் பாடம் ரயில் மேம்பாலத்து ஏற்றம். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். டீச்சர் நிறுத்தினார். அதுவரை சரி. பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. அதன்மேல் கயிறு கட்டிய ஒரு துணி அலமாரி, அலமாரிக் கதவு முழுக்க ஆளுயரக் கண்ணாடி. டீச்சர் கிளட்சை விட்டார். கார் ஒரு விக்கல் விக்கிவிட்டுப் பின்னால் உருள ஆரம்பித்தது.

ஹாரன் சார் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்குள்ளிருந்து அவருடைய வெள்ளைக் கார் அவரையே முட்ட வந்துகொண்டிருந்தது. தொண்டைவரை ஒரு கழுதை வந்துவிட்டது. அதை விழுங்கினார். "டீச்சர், தாங்கள் தயவுகூர்ந்து, நேரம் இருந்தால்..." கார் உருண்டது. அலமாரி வண்டிக்காரர் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். ஹாரன் சார் தன் பிரேக்கை ஓங்கி மிதித்தார். இரண்டு விரல் இடைவெளியில் கார் நின்றது.

டீச்சர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"திட்டுங்க" என்றார் டீச்சர்.

"ஐயையோ, டீச்சர்..."

"திட்டுங்க சார்! அந்தப் பொண்ணு சிக்னல் போட மறந்ததுக்கு எருமைன்னீங்க. நான் ஒரு அலமாரியையே உடைக்கப் பார்த்தேன், எனக்கு ஒண்ணும் கிடையாதா? அப்போ என்னால முடியவே முடியாதுன்னு முடிவு பண்ணிட்டீங்க, அப்படித்தானே?"

"அப்படியெல்லாம் இல்லை டீச்சர்!"

"இதைத்தானே நான் எழுதிக் குடுத்தேன்? எழுதிக் குடுத்தா என்னைத் திட்டுவீங்கன்னு பார்த்தா, அவங்களையும் திட்டறதை நிறுத்திட்டீங்க. எல்லாருக்கும் என் வியாதியை ஒட்டவெச்சுட்டீங்க!"

ஹாரன் சாருக்குத் தலைகால் புரியவில்லை. "அந்தப் புகார்... நீங்களா டீச்சர்? அதனாலதான் என் சாவி போகப்போகுது! கழுதைக்கு நாலு கால்னு எழுதியிருந்தீங்களே!"

"அது முன்பக்கம்" என்றார் டீச்சர். "பின்பக்கம் படிக்கலையா?"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளியில் எல்லாப் படிவங்களும் பழைய விளம்பரத் தாள்களின் பின்புறத்தில்தான் அச்சிடப்படும். எந்தத் தாளைத் திருப்பினாலும் பின்னால் ஒரு டயர் படமும் 'உடனே வாருங்கள்' என்ற அழைப்பும்தான் இருக்கும். அதனால் அங்கே யாரும் எதையும் திருப்பிப் பார்ப்பதில்லை. டீச்சரோ தன் வீட்டிலிருந்து நல்ல வெள்ளைத் தாள் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் எழுதியிருந்தார்.

அரை மணி நேரத்தில் இருவரும் டயர் கடைப் படிக்கட்டில் ஏறினார்கள். முதலாளியம்மா கோப்பிலிருந்து தாளை உருவி, திருப்பி, ஒரு கணம் விழித்தார். பிறகு வாய்விட்டு வாசித்தார். தன் வாழ்நாளிலேயே அவர் முழுதாகப் படித்த ஒரே தாள் அதுவாகத்தான் இருக்கும்.

"மறுபக்கத்தில் உள்ளது அகராதி சொல்வது. அகராதி இந்தக் காரில் உட்கார்ந்ததில்லை. நான் உட்கார்ந்து கவனித்ததில் தெரிந்துகொண்டது வேறு. முதல் இரண்டு நாள் ஆசிரியர் எல்லோரையும் வாங்க போங்க என்கிறார். கிளட்ச் பிடிபட்டதும் கழுதை என்கிறார். மூன்றாவது கியருக்குப் போனவர் எருமை. சந்தை நெரிசலைத் தாண்டி ஓட்டியவர் குரங்கு. அறிவுகெட்ட ஜென்மம் என்றால் தேர்வுக்குத் தயார் என்று பொருள். அதைக் கேட்ட அன்று பேக்கரிக்காரர் எங்களுக்கெல்லாம் பன் வாங்கிக்கொடுத்தார். 'டீச்சர்', 'தயவுசெய்து', 'பரவாயில்லை' ஆகிய சொற்களுக்கு இந்தக் காரில் 'இது தேறாது' என்று பொருள். நான் இருபத்திரண்டு நாளாக இவற்றை மட்டுமே கேட்டு வருகிறேன்."

ஹாரன் சார் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "நானா? நானா இப்படி வரிசையாச் சொல்றேன்?"

"சும்மா இருங்க சார், இன்னும் இருக்கு" என்று முதலாளியம்மா தொடர்ந்தார்.

"என் கணவர் முப்பத்தொரு வருடம் என்னை மண்டு என்று கூப்பிட்டார். பள்ளியில் நானூறு பிள்ளைகள் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். வீட்டில் நுழைந்தால் 'மண்டு, இன்னைக்கும் குடையை விட்டுட்டு வந்துட்டியா?' என்பார். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய கார் வீட்டில் நிற்கிறது. அதை ஓட்டத்தான் வந்தேன். இப்போது எல்லோரும் என்னை மரியாதையாக நடத்துகிறார்கள். கடைக்காரர், பக்கத்து வீட்டார், என் மகன்கூட. எனக்கு மரியாதை போதும். ஆசிரியர் மற்றவர்களை நடத்துவதுபோலவே என்னையும் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

முதலாளியம்மா தாளை மேஜைமேல் வைத்தார். வைத்துவிட்டு, ஸ்டேப்ளரை எடுத்து எதையோ தேடுவதுபோலக் கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஹாரன் சார், சாவியை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். "போய் டீச்சரைத் திட்டுங்க."

சொல்வது சுலபம். ஹாரன் சார் டீச்சர் பக்கம் திரும்பி, "க..." என்றார். மறுபடி, "க..." என்றார். காதுமடல் சிவந்துபோனது.

"அவசரமில்லை" என்றார் டீச்சர். "திங்கட்கிழமை பார்க்கலாம்."

அன்று மதியம் ஹாரன் சார் வீட்டுப் படியேறும்போதே, "ஏ பிசாசே, சாப்பாடு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். உள்ளே மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தார். "அண்ணா, டிக்கெட் எடுத்துட்டியா? கேன்சல் பண்ணிடு. குணமாயிடுச்சு." சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த தன்னையே நாற்பது முறை கழுதை என்று திட்டிக்கொண்டார். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, உண்மைதானே என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மூன்று பேரும் வந்திருந்தார்கள். பேக்கரிக்காரரை அவர் கூம்புகளுக்கு நடுவே மறுபடி குரங்கே என்று அதட்ட, அவர் ஆனந்தத்தில் ஒரு கூம்பைக்கூடத் தொடாமல் ஓட்டினார். வங்கிப்பெண்ணுக்கு இரண்டு எருமைகள் கிடைத்தன. அப்புறம் டீச்சர் முன்சீட்டில் உட்கார்ந்தார். கார் ரயில் மேம்பாலத்துக்குப் போனது.

பாதி ஏற்றத்தில் நிறுத்தியதும் ஹாரன் சார் மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், ஒண்ணு சொல்லிடறேன். அந்த மண்டு... அதை நான் சொல்ல மாட்டேன். அது அவரோடது."

டீச்சர் தலையசைத்தார். பிறகு கியரைப் போட்டு, கிளட்சை விட்டார். கார் உதறி அடங்கியது.

"ஏ கழுதை!" என்று ஒரு சத்தம் வந்தது. பாலத்துக் கம்பியில் உட்கார்ந்திருந்த புறாக்கள் அத்தனையும் எழும்பிப் பறந்தன. "ரெண்டாவது கியர்ல யாராவது மேடு ஏறுவாங்களா? கண்ணு எங்கே இருக்கு உனக்கு?"

பின்சீட்டில் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஹாரன் சாருக்கே தன் குரல்தானா என்று சந்தேகம். டீச்சர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண் நிரம்பிவிட்டது. அப்படியே சிரிக்கவும் ஆரம்பித்தார். அறுபது வயதுத் தலைமையாசிரியை தோள் குலுங்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்து வங்கிப்பெண்ணும் சிரித்தாள், அழுதாள். பேக்கரிக்காரர் தன் கைக்குட்டையை முன்னால் நீட்டினார், அதில் மாவு இருந்தது.

"சிரிச்சது போதும்! முதல் கியர்!"

டீச்சர் முதல் கியரைப் போட்டார். கிளட்சைப் பாதி விட்டார். கார் ஒரு விரல்கூடப் பின்னால் போகாமல் பிடித்து நின்றது, பிறகு ஏறியது. உச்சியில் ஒரு வண்டி நடுச்சாலையை அடைத்துக்கொண்டு ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. ஹாரன் சார் வழக்கம்போலக் கண்ணாடியை இறக்கக் கையை வைத்தார். அதற்குள் அந்தப் பக்கத்துக் கண்ணாடி இறங்கிவிட்டது. நானூறு பிள்ளைகளை ஒரே வார்த்தையில் எழுந்து நிற்க வைத்த தொண்டை வெளியே நீண்டது.

"ஏ எருமை! ஓரமாப் போ!"

வண்டி பதறிப்போய் ஓரத்துக்கு ஒதுங்கியது.

"அடேயப்பா" என்றார் ஹாரன் சார், காதைத் தேய்த்துக்கொண்டு. "எருமையெல்லாம் உனக்கு இப்போ எதுக்கு? நீ இன்னும் கழுதையே தாண்டலை."

டீச்சர் இறக்கத்தில் காரை இறக்கினார், இரண்டாவதுக்கு மாற்றினார். நேர்ச்சாலை வந்ததும், அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மூன்றாவது கியரைப் போட்டார்.